குழந்தைகளின் தொற்றுநோயை வீட்டிலேயே கண்டுகொள்வது: புதிதாகப் பெற்றோர் ஆனவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்குக் கிருமித் தொற்று ஏற்படும்போது, உடம்பு சுடுவதற்கு முன்பாகவே பால் குடிப்பது குறைந்துவிடுவதுண்டு. மார்பில் வைத்தால் இரண்டு மூன்று முறை உறிஞ்சிவிட்டுச் சோர்ந்துவிடும். எழுப்பிக் கொடுத்தாலும் விருப்பமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “நேற்று வரைக்கும் நன்றாகத்தான் குடித்தான், இன்று காலையிலிருந்து என்னவோ மாதிரி இருக்கிறான்” என்று தாய் சொல்கிறாரே, அனுபவமுள்ள எந்தக் குழந்தை மருத்துவரும் அந்தச் சொல்லை அலட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் முதன்முறையாகக் குழந்தை வளர்ப்பவர்கள் தங்கள் கண்ணில் பட்ட இந்த ‘என்னவோ மாதிரி’யை நம்பத் தயங்கி, தெர்மாமீட்டர் ஒரு எண்ணைக் காட்டும் வரையில் காத்திருந்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்காகவே இதை எழுதுகிறேன். நோய்க்குப் பெயர் சொல்வது மருத்துவரின் வேலை. குழந்தையிடம் என்ன மாறியிருக்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது, எந்த நிலையில் சற்றும் தாமதிக்கக் கூடாது என்பதைக் கண்டுகொள்வது கூடவே இருப்பவரின் வேலை. அதை யாரும் கற்றுக்கொள்ள முடியும்.

முதலில், நலமாக இருக்கும் குழந்தையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இயல்பு எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முதல் வேலையைக் குழந்தை நலமாக இருக்கும் நாளிலேயே செய்துவிடுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனை அக்குளில் தோலோடு நன்றாகப் படும்படி வைத்து, குழந்தையின் கையை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அது ஒலி எழுப்பும் வரை காத்திருங்கள். பச்சிளங்குழந்தைக்கு 36.5 டிகிரி செல்சியஸ் முதல் 37.5-ஐத் தொடாத வரை, அதாவது 97.7 டிகிரி ஃபாரன்ஹீட் முதல் 99.5-ஐத் தொடாத வரை, இயல்பான வெப்பம். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது சந்தேகத்தைக் கிளப்புவதற்குப் போதும், முடிவெடுப்பதற்குப் போதாது.

பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு, போதிய அளவு பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கும். முதல் வாரத்தில் உடம்பில் திட்டுத்திட்டாகச் சிவந்து, நடுவில் சிறு வெண்பொட்டு வைத்தாற்போலத் தோன்றி, ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் கிளம்பும் தடிப்புகள் பல குழந்தைகளுக்கு வரும். அவை தொற்று அல்ல, தாமே போய்விடும். மூக்கின் மேல் காணப்படும் வெண்ணிறப் புள்ளிகளும் அப்படித்தான். முதல் ஓரிரு நாட்களில் கைகால்கள் சற்று நீலம் பாய்ந்திருக்கலாம். உதடும் நாக்கும் நீலமாக இருப்பது எந்த வயதிலும் இயல்பல்ல.

மூச்சை எண்ணப் பழகுங்கள்

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்; இதற்கு விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம் மட்டுமே தேவை. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாகவோ தூக்கத்திலோ இருக்கும் நேரமாகப் பாருங்கள். சட்டையை மார்புக்கு மேலே மெல்லத் தூக்கிவிட்டு, வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, வயிறும் மார்பும் ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடிகாரத்தை வயிற்றுக்கு அருகிலேயே பிடித்துக்கொண்டால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சிறு குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. சில மூச்சுகள் வேகமாக வந்து, பிறகு ஐந்து பத்து விநாடி நின்று, மீண்டும் தொடங்கும். அதனால் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறிவிடும்.

இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 11 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 வயது முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள இந்த எல்லைகளைக் கொண்டுதான் உலகின் பல பகுதிகளில் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் ஸ்டெதஸ்கோப் இல்லாமலேயே நிமோனியாவைச் சந்தேகிக்கிறார்கள். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் முறை 60 அல்லது அதற்கு மேல் வந்தால், மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் உடனே கிளம்ப வேண்டும்.

எண்ணும்போதே இன்னும் மூன்றைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது கீழ் விலா எலும்புகளுக்கு அடியில் உள்ள பகுதி உள்ளே குழிகிறதா? மூக்குத் துவாரங்கள் விரிகின்றனவா? ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் முனகல் கேட்கிறதா? பச்சிளங்குழந்தைக்கு மார்பு லேசாகக் குழிவது இயல்புதான். ஆழமாகவும் தெளிவாகவும் குழிவதே ஆபத்து. மூச்சு 20 விநாடியோ அதற்கு மேலோ நின்றால், அல்லது நிற்கும்போது நிறம் மாறினால், எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே அவசர உதவியை அழையுங்கள்.

முதல் இரண்டு மாதங்கள்: குறைவதே நோயின் அடையாளம்

வளர்ந்த பிள்ளைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல், இருமல், வலி என ஏதாவது ஒன்று கூடுகிறது. பச்சிளங்குழந்தைக்கு, இருந்தது குறைகிறது. பால் குடிப்பது குறைகிறது, அழுகையின் வலு குறைகிறது, கைகால் அசைவு குறைகிறது, சில குழந்தைகளுக்கு உடம்பின் சூடே குறைகிறது. நோய் எதிர்ப்பாற்றல் இன்னும் முதிராத உடம்பால் கிருமியை ஓரிடத்தில் தடுத்து நிறுத்த முடிவதில்லை. தொப்புளிலோ தோலிலோ தொடங்கியது சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கலந்துவிடக்கூடும். இரத்தத் தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்றும் இந்த வயதில் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் வருவதால், எது என்று வீட்டில் பிரித்தறிய முயல வேண்டாம்.

இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையிடம் பின்வருவனவற்றில் ஒன்றே ஒன்றைக் கண்டாலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்: பால் குடிப்பதை நிறுத்திவிடுதல் அல்லது வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காதிருத்தல், வலிப்பு, வேகமான மூச்சு அல்லது மார்பு ஆழமாகக் குழிதல், அக்குள் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருத்தல், 35.5 டிகிரிக்குக் கீழே போதல், தொட்டு எழுப்பினால் மட்டும் அசைதல் அல்லது அசைவே இல்லாதிருத்தல். அதிகத் துணி சுற்றியதால் சூடேறியிருக்குமோ என்று தோன்றினால், துணியைத் தளர்த்திவிட்டு 15 நிமிடம் கழித்து ஒருமுறை மட்டும் அளந்து பாருங்கள். 38 டிகிரியைத் தொட்டிருந்தால் அந்தச் சோதனையும் வேண்டாம், புறப்பட்டுவிடுங்கள். காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்ற எண்ணத்திற்கு இந்த வயதில் இடமே இல்லை.

இந்த வயதில் வலிப்பு, உடம்பு தூக்கிப்போடும் விதமாகவே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கண் ஒரே பக்கம் நிலைகுத்தி நிற்பது, வாய் சப்புவதுபோலத் தொடர்ந்து அசைவது, ஒரு கை மட்டும் தாளகதியில் துடிப்பது ஆகியவையும் வலிப்பாக இருக்கலாம். துடிக்கும் கையை மெல்லப் பிடித்தால் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வெறும் நடுக்கம். பிடித்த பிறகும் உங்கள் கைக்குள் துடித்தால் அதை வலிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொப்புளை நாள்தோறும் பாருங்கள். கொடி பொதுவாக ஒன்றிரண்டு வாரத்திற்குள் காய்ந்து விழும். விழும்போது ஒரு சொட்டு இரத்தம் கசிவதில் பயமில்லை. அடிப்பகுதி சிவந்து, சீழ் வடிந்து, துர்நாற்றம் வீசினால் தொற்று தொடங்கிவிட்டது என்று பொருள். சிவப்பு வயிற்றுத் தோலில் பரவினால் அது அவசர நிலை. மருத்துவர் சொல்லாத எதையும் அங்கே பூச வேண்டாம். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை மூன்றாம் நாளுக்கும் 28-ஆம் நாளுக்கும் இடையில் வாயைத் திறக்க முடியாமல், உடம்பு விறைத்து, சிறு சத்தத்திற்கும் இசிவு கண்டால், அது தொப்புள் வழியே நுழைந்த டெட்டனஸாக இருக்கக்கூடும். கர்ப்ப காலத்தில் தாய்க்குப் போடும் தடுப்பூசி இதைத் தடுக்கவே.

கண்களில் காலையில் சிறிது பீளை ஒட்டியிருப்பது, கண்ணீர்க் குழாய் இன்னும் திறக்காததால் பல குழந்தைகளுக்கு வரும். இமை வீங்கிக் கெட்டியான சீழ் வடிந்துகொண்டே இருந்தால் கதையே வேறு. பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியாக் கிருமி, பொதுவாகப் பிறந்த 2 முதல் 5 நாட்களுக்குள் இவ்வாறு வெளிப்பட்டு, கருவிழியையே துளைத்துவிடும் ஆற்றலுடையது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

மஞ்சள் காமாலை இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றிப் படிப்படியாகக் குறைவது பெரும்பாலும் இயல்பு. பிறந்த 24 மணி நேரத்திற்குள் தோன்றினாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும் அது இயல்பைத் தாண்டிவிட்டது. அதற்குக் காரணம் தொற்றாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்தவர்கள், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்திற்கு மேல் கழித்துப் பிறந்தவர்கள், பேறுகாலத்தில் காய்ச்சல் கண்ட தாய்மார்களின் குழந்தைகள் ஆகியோருக்குத் தொற்றின் ஆபத்து கூடுதல். இவர்கள் விஷயத்தில் மேலே சொன்ன எல்லைகள் வரை போகாத சிறு மாற்றத்திற்கும் மருத்துவரை அழைப்பதில் தவறில்லை.

வளர்ந்த குழந்தையின் காய்ச்சல்

மூன்று மாதத்தைக் கடந்த பிறகு காய்ச்சலின் பொருள் மெல்ல மாறுகிறது. 39 டிகிரி காய்ச்சலோடு விளையாடும் குழந்தையைவிட, 38 டிகிரியில் கண் திறக்காமல் கிடக்கும் குழந்தையைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன். பாராசிட்டமால் கொடுத்து வெப்பம் சற்று இறங்கியதும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்: உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதா, பொம்மையைக் கையில் எடுக்கிறதா, குடிக்கக் கேட்கிறதா? ஆம் என்றால் கவனித்துக்கொண்டே காத்திருக்கலாம். வெப்பம் இறங்கிய பிறகும் துவண்டு கிடந்தால் காத்திருக்க வேண்டாம்.

பாராசிட்டமாலின் அளவு வயதைக் கொண்டு அமைவதில்லை. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சொட்டு மருந்தும் சிரப்பும் வெவ்வேறு அடர்த்தியில் விற்கப்படுவதால், குப்பியின் மேல் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் படித்த பிறகே ஊற்றுங்கள். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. சின்னம்மையிலும் ஃப்ளூ காய்ச்சலிலும் அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய்க்கு வழிவகுக்கலாம்.

சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாமல் வெறும் காய்ச்சல் மட்டும் நீடித்தால் சிறுநீர்த் தொற்றை நினைத்துப் பாருங்கள். பேசத் தெரியாத குழந்தைகளிடம் இது எளிதில் தப்பிவிடுகிறது. காய்ச்சல் மூன்று நாட்களைத் தாண்டினால், குழந்தை பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும், ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது.

6 மாதம் முதல் 5 வயது வரை, காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் விரலோ கரண்டியோ எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழையுங்கள். முன்பே நின்றுவிட்டாலும், முதல் முறையாக வந்தது என்றால் அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும். கழுத்து விறைத்திருப்பது மூளைக்காய்ச்சலின் அடையாளம் என்று பலருக்கும் தெரியும். ஆனால் ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அது இல்லாமலும் போகலாம். குழந்தை அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து நிற்பது, கிறீச்சென்ற அழுகை, தூக்கினால் அமைதியடைவதற்குப் பதிலாக மேலும் அழுவது ஆகியவையே அங்கே பேசுகின்றன.

வயிற்றுப்போக்கும் வாந்தியும்

எத்தனை முறை போனது என்பதைவிட, உடம்பில் எவ்வளவு நீர் மிச்சமிருக்கிறது என்பதே முக்கியம். தொப்புளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவே வயிற்றுத் தோலை இரண்டு விரலால் நீளவாக்கில் கிள்ளித் தூக்கி, ஒரு விநாடி வைத்திருந்து விட்டுவிடுங்கள். நீர் போதுமான அளவு இருந்தால் தோல் விட்ட கணமே சமனாகிவிடும். மடிப்பு ஒரு கணம் நின்று மெல்ல இறங்கினால், கண்கள் குழிந்து, குழந்தை எரிச்சலோடு தவித்துத் தவித்துக் குடித்தால், நீரிழப்பு தொடங்கிவிட்டது. மடிப்பு இரண்டு விநாடிக்கு மேல் அப்படியே நின்று, குழந்தையும் குடிக்க முடியாமல் துவண்டிருந்தால் அது கடுமையான நீரிழப்பு. இரத்தக் குழாய் வழியே நீர் ஏற்ற வேண்டிய நிலை.

பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலை, ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதிருத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு மருத்துவத்தை அத்துடன் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

தோலில் தோன்றுவதைப் படிப்பது

தடிப்பைக் கண்டதும் பெயரைத் தேடுவதற்கு முன் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதன் பக்கவாட்டால் தடிப்பின் மேல் அழுத்துங்கள். கண்ணாடியின் ஊடே நிறம் மங்கி மறைந்தால் பெரும்பாலும் அவசரமில்லை. அழுத்திய பிறகும் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் அப்படியே தெரிந்தால் அது தோலுக்கடியில் கசிந்த இரத்தம். காய்ச்சலும் கூடவே இருந்தால், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவியிருக்கலாம். நிமிடங்கள் கணக்கில் வரும் நிலை இது. கருநிறத் தோலில் இப்புள்ளிகள் எளிதில் தெரியாது என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாயின் உட்புறம் ஆகிய இடங்களில் பாருங்கள்.

தட்டம்மை மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த நீர் வழியும் கண்கள் என்று தொடங்குகிறது. தடிப்பு அதன் பிறகே காதுக்குப் பின்னும் முடிக்கரையிலும் முளைத்து, முகத்திலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது. தடிப்பு தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே, கன்னத்தின் உட்புறம் கடைவாய்ப் பற்களுக்கு எதிரில், சிவந்த தளத்தின் மேல் உப்புத்தூள் சிதறியதுபோன்ற வெண்புள்ளிகள் தோன்றும். ஹென்றி காப்ளிக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1896-இல் விவரித்த இந்தப் புள்ளிகள் தட்டம்மைக்கே உரியவை. டார்ச் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்க்கப் பழகியவர்கள் நோயை முன்கூட்டியே சந்தேகிக்கலாம். தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்பு வரை இது தொற்றும். நோயாளி வெளியேறிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரைகூட இந்த வைரஸ் தங்கியிருக்கும். வைட்டமின் ஏ கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதால், தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

சின்னம்மையில் சிவந்த பொட்டு, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அதுவே அதன் முத்திரை. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். கை, கால், வாய் ஆகிய மூன்றில் மட்டும் கொப்புளம் வந்து, வாய்ப்புண்ணால் குழந்தை சாப்பிட மறுத்தால் அது கை-கால்-வாய் நோய். மூன்று முதல் ஐந்து நாள் கடும் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்டதும் இளஞ்சிவப்புத் தடிப்பு வந்தால் அது பெரும்பாலும் தீங்கற்ற ரோசியோலா. தொண்டை வலியோடு, தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும் தடிப்பும் சிவந்து புள்ளியிட்ட நாக்கும் இருந்தால் அது ஸ்கார்லெட் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும்.

டெங்கு பரவும் இடங்களில் இருப்பவர்கள், காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வெப்பம் தணிந்து வீட்டார் நிம்மதியடையும் அந்த வேளையில்தான் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், குளிர்ந்த கைகால்கள், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை தோன்றும். டெங்குச் சந்தேகம் இருக்கும்வரை ஐபுப்ரோஃபென் கொடுக்கக் கூடாது.

எளிதில் தப்பிவிடும் சில

கக்குவான் இருமலில் பெரிய குழந்தைகள் மூச்சுவிட இடமின்றித் தொடர்ந்து இருமி, கடைசியில் ‘ஊப்’ என்று ஒலியெழுப்பி மூச்சிழுப்பார்கள். சில மாதக் குழந்தைக்கோ அந்த ஒலி வராமல் மூச்சு நின்று நிறம் மாறுவதே ஒரே அடையாளமாக இருக்கக்கூடும். தொண்டையில் சாம்பல் நிறப் படலமும் கழுத்து வீக்கமும் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயைக் குறிக்கும். அந்தப் படலத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், எடை ஏறாமை, வீட்டில் ஒருவருக்குக் காசநோய் ஆகியவை சேர்ந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு கையோ காலோ திடீரெனத் துவண்டு வலுவிழந்தால் அதே நாளில் காட்டுங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன்

ஒரு தாளில் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்: முதல் மாற்றம் எப்போது, ஒவ்வொரு முறை அளந்த வெப்பம், மூச்சின் எண்ணிக்கை, கடைசியாகப் பால் குடித்த நேரம், கடைசியாகச் சிறுநீர் போன நேரம், கொடுத்த மருந்தின் பெயரும் அளவும். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கடந்த மூன்று வாரத்தில் நோயுற்ற யாருடனாவது குழந்தை இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். தட்டம்மை வெளிப்பட ஏறக்குறைய இரண்டு வாரமும், சின்னம்மைக்கு 10 முதல் 21 நாட்களும் ஆகலாம். இவ்விரண்டில் ஒன்று என்ற சந்தேகம் இருந்தால், காத்திருப்போர் அறைக்குள் நுழையும் முன்பே ஊழியரிடம் தெரிவித்துவிடுங்கள். உள்ளே பச்சிளங்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருப்பார்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாடிக்கை முன்கூட்டிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அது வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாத் தொற்றாக இருந்தால் அரைகுறையாக அடக்கி, பரிசோதனையில் கிருமி தெரியாமல் செய்துவிடும்.

மருத்துவர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினாலும் எண்ணுவதையும் எழுதுவதையும் அன்றிரவு முழுவதும் தொடருங்கள். தொற்றின் தொடக்க நேரத்தில் ஒன்றும் பிடிபடாமல் போவது மருத்துவத்தில் உள்ளதுதான். மாலையில் காட்டியபோது நன்றாக இருந்த குழந்தை நள்ளிரவில் பாலை மறுத்தால், ‘இப்போதுதானே பார்த்தார்கள்’ என்று கூச்சப்படாமல், அதே தாளோடு மறுபடியும் போங்கள்.